கட்டணம் எவ்வளவு என்று கேட்கவும் சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் மனச்சோர்வு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அறிகுறிகள், காரணங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்ற ஆறுதல், எல்லாம் நன்றாகவே இருந்தது. ‘தயங்காமல் நல்ல மனநல ஆலோசகரை அணுகுங்கள்’ என்று கட்டுரை முடிகிறது. அந்த ஒரு வரியைத் தாண்ட முடியாமல் எட்டு மாதம் நின்றவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

வீட்டிலிருந்தபடி புத்தகங்களுக்கு மெய்ப்பு பார்ப்பது என் தொழில். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. நிறுவனம் கிடையாது, ஆகவே நிறுவனம் எடுத்துத் தரும் மருத்துவக் காப்பீடும் கிடையாது. சொந்தமாக எடுத்திருந்த பாலிசி, தவணை கட்ட முடியாமல் காலாவதியாகிவிட்டது. அம்மா இறந்த பிறகு, விடிகாலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடத்து எழுந்து உட்காருவது வழக்கமாகிப் போனது. மாரடைப்புதான் என்று பயந்து ஈசிஜி எடுத்தேன். இதயத்தில் கோளாறு இல்லை. மருத்துவர் ஒரு தாளை நீட்டினார். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆர்வம் இருந்ததா என்று ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். பி.எச்.க்யூ-9 என்று பெயராம். 27-க்கு நான் வாங்கியது 16. பத்தைத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “மாத்திரை மட்டும் போதாது, யாரிடமாவது முறையாகப் பேசவும் வேண்டும். ஆன்லைனிலேயே கிடைக்கிறது, பாருங்கள்” என்றார்.

பார்த்தேன். ஒரு தடவை ஐம்பது நிமிடம் பேசுவதற்கான கட்டணம், என் மூன்று நாள் கூலி. வாரம் ஒருமுறை என்றால் மாதத்தில் பன்னிரண்டு நாள் உழைப்பை மனசுக்குக் கொடுத்துவிட்டு, மிச்ச நாளில் வயிற்றைப் பார்க்க வேண்டும். கணினியை மூடிவிட்டேன்.

அப்புறம் ஒரு செயலியின் விளம்பரம் கண்ணில் பட்டது. வாரச் சந்தா, பார்க்க மலிவாக இருந்தது. ஆலோசகரின் முகத்தைக் காட்டுவதற்கு முன்பே என் கார்டு எண்ணைக் கேட்டார்கள். கொடுத்தேன். வாரத்துக்கு இவ்வளவு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தவர்கள், நான்கு வாரப் பணத்தை ஒரே வெட்டாக எடுத்துக்கொண்டார்கள். சிறிய எழுத்தில் அதுவும் போட்டிருந்தது, மெய்ப்பு பார்க்கிற எனக்கே கண்ணில் படவில்லை! முதல் ஆலோசகர் இரண்டு வாரத்தில் விலகிவிட்டார். இரண்டாமவர் நாளுக்கு ஒருமுறை இரண்டு வரி அனுப்பினார். மூன்றாமவரிடம் அம்மாவின் சாவை மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கியபோது, எனக்கே அது யாரோ எழுதிய கதையைப் படிப்பதுபோல் இருந்தது. சந்தாவை நிறுத்தும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு மாலை போனது.

அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஆனால் பொதுவாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தகைய செயலிகளில் நாம் முதலில் நிரப்பும் கேள்வித்தாள் நம் அந்தரங்கம். அமெரிக்காவில் ஆன்லைனில் மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் என்ற நிறுவனம், பயனாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் அவர்கள் சொன்ன உடல், மனநலத் தகவல்களையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்தது என்று நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அந்நாட்டு அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது. தவறை ஒப்புக்கொள்ளாமலே, 2023-இல் 78 லட்சம் டாலர் கொடுக்க அந்த நிறுவனம் சம்மதித்தது. நான் சேர்ந்தது அதுவல்ல. ஆனால் அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து, தகவலை யாரோடு பகிர்வார்கள் என்ற பகுதியைப் படிக்காமல் எதையும் நிரப்புவதில்லை.

இலவசமாகக் கிடைக்கும் அரட்டை மென்பொருளையும் விட்டுவைக்கவில்லை. நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கிறது, நமக்கும் இதமாக இருக்கிறது. இது புதிதில்லை. 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற நிரலை எழுதினார். அவருடைய செயலாளரே அதனோடு தனியாகப் பேச வேண்டும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று கேட்டதாக அவர் எழுதியிருக்கிறார். எனக்கும் மூன்று இரவு நன்றாகத்தான் போனது. நான்காம் இரவு, நான் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிறது என்று புரிந்தது. என்னை மறுத்துப் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது.

இதற்குப் பிறகுதான் முக்கியமான இடம் வருகிறது. தூக்கமில்லை, அழுகிறேன் என்று யாரிடமும் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. உங்களைப் போன்ற பத்திரிகைகள் எழுதி எழுதி அந்தக் கூச்சத்தைப் போக்கிவிட்டன, நன்றி. ‘என்னிடம் அவ்வளவு பணம் இல்லை’ என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. கட்டணத்தைப் பார்த்ததும் பேசாமல் விலகிவிடுவேன். குறைப்பீர்களா என்று கேட்பது, மருத்துவம் பார்ப்பவரிடம் பேரம் பேசுவதுபோல் அசிங்கமாகத் தோன்றியது. அக்காதான் ஒருநாள் போனில் கேட்டாள்: “உன் பதிப்பாளர்கள் உன்கிட்ட கூலியைக் குறைச்சுக் கேட்கும்போது கூச்சப்படறாங்களா?”

அன்று இரவே பதினொரு ஆலோசகர்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன். நான்கே வரி. அம்மா இறந்ததிலிருந்து தூக்கமில்லை, பி.எச்.க்யூ மதிப்பெண் 16, மாத்திரை எடுக்கிறேன். காப்பீடு இல்லை. மாதம் என்னால் கொடுக்க முடிவது இவ்வளவு. இந்தத் தொகைக்கு உங்களால் பார்க்க முடியுமா, முடியாவிட்டால் வேறு யாரையாவது சொல்ல முடியுமா?

நான்கு பேர் பதிலே போடவில்லை. மூன்று பேர் முடியாது என்றார்கள், மரியாதையாகத்தான். இரண்டு பேர், வருமானத்துக்கேற்ற கட்டணத்தில் சிலரைப் பார்ப்பதுண்டு, இப்போது இடமில்லை, வரிசையில் பெயரை எழுதி வைக்கிறோம் என்றார்கள். அப்படி ஒரு ஏற்பாடு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதை விளம்பரப் பலகையில் யாரும் எழுதி வைப்பதில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள். ஒருவர், வாரம் ஒருமுறைக்குப் பதில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாருங்கள், கட்டணத்தைப் பாதியாக்குகிறேன் என்றார். கடைசி ஒருவர் ஒரு பல்கலைக்கழகத்தின் பயிற்சி கிளினிக் முகவரியைக் கொடுத்தார். உளவியல் முதுகலைப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள், ஒரு மூத்த ஆலோசகரின் மேற்பார்வையில் வீடியோ அழைப்பில் பார்க்கிறார்கள். என் தொகை தாராளமாகவே போதும்.

மாணவியிடமா மனதைத் திறப்பது என்று தயங்கினேன். பிறகு ஜிம்பாப்வேயின் ‘நட்பு இருக்கை’ பற்றிப் படித்தேன். டிக்ஸன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் தொடங்கியது. மருத்துவமனை வாசலில் ஒரு மரப் பெஞ்சு, அதில் முறையாகப் பயிற்சி பெற்ற பாட்டிமார், அவ்வளவுதான். அவர்களிடம் பேசியவர்களுக்கு மனச்சோர்வு குறைந்ததை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்புறம் நான் எதற்கு வீம்பு பிடிக்க வேண்டும்?

வீட்டில் தனியறை கிடையாது. குளியலறையில் நாற்காலி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். பேச்சைப் பதிவு செய்து மேற்பார்வையாளருக்குக் காட்டலாமா என்று அந்த மாணவி முதல் நாளே எழுத்தில் அனுமதி வாங்கினார். ஒருவருக்கு இருவர் என் விஷயத்தை யோசிக்கிறார்கள் என்றே எனக்குப் பட்டது. அவர் கையாண்ட முறை சிபிடி, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் சீர்படுத்தும் பேச்சு சிகிச்சை. 1960-களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் உருவாக்கியது. மனதில் ஓடும் எண்ணத்தைத் தாளில் எழுதி, அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். ‘அன்று மாலை அம்மாவின் போனை எடுத்திருந்தால் பிழைத்திருப்பாள்’ என்று எழுதினேன். எதிர்ப்பக்கத்தை நிரப்ப மூன்று வாரம் ஆனது. என் தொழிலும் அதுதானே, எழுதியதைச் சந்தேகிப்பது! பன்னிரண்டாம் வாரம் மதிப்பெண் 7. மாத்திரையின் பங்கும் அதில் உண்டு.

எல்லாருக்கும் இந்த வழி பொருந்தாது. மருத்துவர் கொடுத்த பி.எச்.க்யூ-9 தாளின் ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணம் பற்றியது. அதற்கு ஆம் என்பவர்கள் என்னைப்போல் மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்கக் கூடாது. உடனே நெருங்கிய ஒருவரிடம் சொல்லிவிட்டு, அவசர உதவி எண்ணையோ மருத்துவமனையையோ நாட வேண்டும்.

இனி இப்படிக் கட்டுரை போடும்போது, கீழே ஒரு சிறு பெட்டிக்கு இடம் ஒதுக்குங்கள். குறைந்த கட்டணத்தில் பார்ப்பீர்களா என்று ஆலோசகரிடம் நேராகக் கேட்கலாம், படிப்பையும் உரிமத்தையும் விசாரிக்கலாம், பயிற்சி கிளினிக்குகள் உண்டு, சந்தா கட்டும் முன் நிறுத்தும் விதியைப் படியுங்கள் என்று போட்டால் போதும்.

இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தில் செயலிக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள். அந்த நான்கு வரி மின்னஞ்சலை மட்டும் வெட்ட வேண்டாம். யாராவது அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத மெய்ப்புத் திருத்துநர்