எங்கள் பள்ளிப் பட்டறைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

பழைய விடைத்தாள் கட்டும் கால் ஒடிந்த பெஞ்சும் அடைந்து கிடந்த அந்தக் கடைசி அறை, போன ஜூனிலிருந்து பட்டறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. வாசலில் 'மேக்கர் ஸ்பேஸ்' என்று போர்டு எழுதி வைத்தோம். பிள்ளைகள் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பட்டறை என்றுதான் சொல்கிறார்கள், கோயமுத்தூர்ப் பக்கம் வேறென்ன சொல்வார்கள்! நன்றி சொல்ல இவ்வளவு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கணும்.

பள்ளிகளில் இந்த மாதிரிப் பட்டறை வைக்க மத்திய அரசின் நிதி ஆயோக் பணம் தரும் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் என்று முதலில் அதைத்தான் பார்த்தோம். 1,500 சதுர அடி இடம் வேண்டுமாம். எங்களிடம் இருந்தது இருபதுக்கு இருபது அறை ஒன்று. சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று முழித்துக்கொண்டிருந்தபோது, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தச்சர் அண்ணன் அந்த உடைந்த பெஞ்சுகளிலிருந்தே நான்கு வேலை மேசை செய்து கொடுத்தார். கூலி கேட்டதற்கு டீ மட்டும் வாங்கிக்கொண்டார்.

வயரிங் செய்தவர் எங்கள் பழைய மாணவர். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே கரண்ட்டைத் துண்டித்துவிடும் பிரேக்கரைப் போடாமல் ஒரு ப்ளக்பாயிண்ட்கூடத் தரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். செலவாகிறதே என்று அன்றைக்கு முணுமுணுத்தேன். தம்பி, நீங்கள் செய்ததுதான் சரி.

தலைமையாசிரியைக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அரசுப் பள்ளியில் இருப்பவர்களுக்குத் தெரியும், இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் உடைந்தால் ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பயத்திலேயே எத்தனையோ நல்ல கருவிகள் கண்ணாடி பீரோவுக்குள்ளேயே வயசாகிப் போகின்றன. இங்கே முதல் நாளே பிள்ளைகள், கரண்ட்டை மட்டுப்படுத்தும் 330 ஓம் ரெசிஸ்டரை விட்டுவிட்டு நேராக 9 வோல்ட் பேட்டரியில் மாட்டிப் பதினேழு எல்இடியைக் கருக்கினார்கள். தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னேன். தனி நோட்டு ஒன்று போட்டு, 'பயிற்சியில் தீர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, "பதினெட்டாவது எரிஞ்சுதா?" என்றார். எரிந்தது மேடம்.

சனிக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வருகிற மோட்டார் வைண்டிங் அண்ணனைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வீட்டு ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றாள். அவர் காரணம் சொல்லவில்லை, கழற்றி எடுத்துவரச் சொன்னார். ஃபேனின் இரண்டாவது காயிலோடு சேர்ந்த கெப்பாசிட்டரில் 2.5 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்தது, மீட்டர் காட்டியது 1.4. மாற்றியதும் ஓடிய ஓட்டத்தைப் பார்க்கணுமே! "ரெண்டாவது காயிலுக்குக் கரண்ட் கொஞ்சம் முன்னாடியே போகோணும் மிஸ்" என்று அவளே எனக்கு விளக்கினாள். ஒரு கரண்ட் இன்னொன்றுக்கு முன்னாடி போகிற இந்தக் கட்ட வேறுபாட்டைப் பன்னிரண்டாம் வகுப்பில் நான் எத்தனை படம் போட்டு நடத்துகிறேன்!

சென்னை ரிச்சி தெருவில் ஆர்டுயினோ என்கிற, ப்ரோகிராம் எழுதி இயக்கும் சின்ன எலக்ட்ரானிக் போர்டுகள் வாங்கி அனுப்பிய 2004 பேட்ச் பிள்ளைகளுக்கும், பழைய மிதி தையல் மெஷினைத் தந்த அக்காவுக்கும் நன்றி. அக்கா, அதில் பையன்கள் கூட்டம்தான் அதிகம். முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்கித் தருவதாகச் சிலர் சொன்னீர்கள். இப்போதைக்கு வேண்டாம், ரம்பமும் குறடும் இன்னும் பத்தவில்லை.

அப்புறம் வைண்டிங் அண்ணா, உங்கள் நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் எங்களிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை வாங்கிக்கொள்ளுங்கள்.