சைக்கிள் கமராக் காணொளி: 28 நாள் அல்ல, 14 நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆபத்தாக வாகனம் ஓட்டுபவர்களைப் பற்றிச் சைக்கிளோட்டிகள் அனுப்பும் காணொளிகளை பிரித்தானியப் பொலிஸார் திரும்பியும் பார்ப்பதில்லை என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அந்த ஆதங்கம் நியாயமானது. ஆனால் காணொளியை அனுப்ப 28 நாள் அவகாசம் உண்டு என்று அதில் அச்சாகியிருப்பது பிழை. அந்த 28 நாள், ‘அப்போது வாகனத்தை ஓட்டியது யார்?’ என்று பொலிஸ் கேட்கும்போது வாகனத்தின் பதிவுதாரர் பதில் தருவதற்கான காலம். முறைப்பாடு செய்பவருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நம்மைக் கட்டுப்படுத்தும் கணக்கு 14 நாள். 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துக் குற்றவாளிகள் சட்டத்தின்படி, கவனயீனமாகவோ ஆபத்தாகவோ ஓட்டியதற்கு வழக்குத் தொடர வேண்டுமானால், அந்த உத்தேசத்தைத் தெரிவிக்கும் கடிதம் சம்பவம் நடந்து 14 நாளுக்குள் பதிவுதாரரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். நாம் காணொளியை ஏற்றுவதற்கான 14 நாள் அல்ல இது. பொலிஸின் கடிதம் போய்ச் சேருவதற்கான 14 நாள். அதற்குள் ஒருவர் காணொளியைப் பார்க்க வேண்டும், இலக்கத் தகட்டை வைத்துப் பதிவுதாரரின் முகவரியை எடுக்க வேண்டும், கடிதம் அச்சாகித் தபாலில் போக வேண்டும். பன்னிரண்டாம் நாள் அனுப்பிய காணொளியில் லொறி உங்கள் முழங்கையை உரசிச் சென்றது பளிச்சென்று தெரிந்தாலும், பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அதனால்தான் சில பொலிஸ் பிரிவுகள் ஒரு வாரம், பத்து நாள் என்று தங்களுக்கெனக் குறுகிய கெடு வைத்திருக்கின்றன. அன்றிரவே அனுப்பிவிடுவதுதான் உத்தமம். மோதல் நடந்து, அது சாரதிக்கும் தெரிந்திருந்தால் இந்த 14 நாள் விதி பொருந்தாது. வாகனம் குத்தகை நிறுவனத்தின் பெயரில் இருந்தால், அந்த நிறுவனத்துக்குப் போகும் முதற்கடிதம் கெடுவுக்குள் போனால் போதும்.

2016இல் வட வேல்ஸ் பொலிஸார் ‘ஒப்பரேஷன் ஸ்னாப்’ என்ற பெயரில் தொடங்கிய முறைதான் இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பரவலாக இருக்கிறது: இணையப் படிவத்தை நிரப்பு, கோப்பை ஏற்று, சாட்சி வாக்குமூலத்தை ஒப்புக்கொள். அதன் பிறகு ஒரு பரிசீலகர் அதைப் பார்க்கிறார். ‘இவ்வளவு கிட்ட வந்தானே’ என்ற நம் கோபம் அவருக்குப் பொருட்டல்ல. திறமையும் கவனமும் உள்ள ஒரு சாரதியிடம் எதிர்பார்க்கும் தரத்துக்குக் கீழே இந்த ஓட்டம் போயிருக்கிறதா என்றுதான் பார்ப்பார். போயிருந்தால் கவனயீனம். அந்தத் தரத்துக்கு வெகு கீழே போய், ஆபத்து எவருக்கும் வெளிப்படையாகத் தெரிந்தால்தான் சட்டம் சொல்லும் ‘ஆபத்தான ஓட்டம்’. உரசிச் செல்லும் சம்பவங்களில் பெரும்பாலானவை முதல் வகைக்குள்தான் வரும். அவற்றுக்கு எச்சரிக்கைக் கடிதம், சாரதி தன் செலவில் போகும் பயிற்சி வகுப்பு, 100 பவுண் தண்டமும் சாரதி அனுமதிப்பத்திரத்தில் 3 தண்டப் புள்ளிகளும், அல்லது நீதிமன்றம் என்று நான்கு வழி உண்டு.

‘ஒன்றரை மீற்றர் விடவில்லை, ஆகவே குற்றம்’ என்ற கட்டுரையாளரின் வாதமும் நிற்காது. மணிக்கு 30 மைல் வரையான வேகத்தில் சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீற்றர், அதற்கு மேற்பட்ட வேகத்தில் இன்னும் கூடுதலாக இடம் விட வேண்டும் என்று 2022 ஜனவரி 29 முதல் நெடுஞ்சாலை விதிக்கோவையின் 163ஆம் விதி சொல்கிறது. அது ‘விட வேண்டும்’ என்ற அறிவுரைதான். மீறினால் தானாகவே குற்றமாகிவிடும் விதி அல்ல. ஆனால் கவனயீனத்தை நிறுவ அதை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டலாம். ஆகவே படிவத்தில் ‘1.2 மீற்றர்தான் இருந்தது’ என்று எழுதுவதைவிட, எதிரே வாகனம் வந்துகொண்டிருந்ததா, முன்னால் வளைவோ பாதசாரிக் கடவையோ இருந்ததா, நீங்கள் தடுமாறினீர்களா, பிரேக் பிடித்தீர்களா என்று எழுதுவது பயன் தரும்.

தூரத்தைக் காட்டுவதில் கமராவே நமக்கு எதிரி. அகலக் கோண வில்லை பக்கத்தில் போகும் காரைத் தள்ளிப் போவதுபோலக் காட்டும். கோணத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் குறையுங்கள். ஹாண்டில்பாரின் நுனி படத்தில் விழும்படி கமராவைப் பூட்டினால், பரிசீலகருக்கு அளந்து பார்க்க ஒரு பொருள் கிடைக்கும். முன்கமரா மட்டும் இருந்தால் கார் உங்களைத் தாண்டிய பிறகுதான் தெரியும். அது எப்படி நெருங்கியது என்பதைப் பின்கமராதான் சொல்லும். இரண்டுக்கும் வசதியில்லையென்றால் பின்கமராவைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். மாலை மங்கினால் இலக்கத் தகடு இழுபட்டுக் கலங்கும், இரவில் முகப்பு விளக்கு அதை விழுங்கிவிடும். அதற்கு மிக மலிவான மருந்து, இலக்கத்தை அந்தக் கணமே உரக்கச் சொல்வது. ஒலியும் பதிவுதானே.

அடுத்தது கடிகாரம். மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் நேரம் மாறும். கமராவில் மாற்ற மறந்தால் ஒரு மணி நேரம் பிசகும். மின்கலம் முழுதாகத் தீர்ந்தால் சில கமராக்களில் திகதியே பழையதற்குப் போய்விடும். இப்படி நடந்திருந்தால் கோப்பைத் திருத்த வேண்டாம். கடிகாரம் இவ்வளவு பிந்தியிருந்தது என்று படிவத்தில் எழுதுங்கள், போதும். வெட்டி ஒட்டுவது, வேகத்தைக் குறைப்பது, வட்டம் போட்டுக் காட்டுவது எதுவும் கூடாது. சம்பவத்துக்கு ஒரு நிமிடம் முன்னும் ஒரு நிமிடம் பின்னும் சேர்ந்த மூலக் கோப்பைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். வட்ஸ்அப்பில் ஒரு முறை அனுப்பி எடுத்தால் தெளிவு போய்விடும், ஆகவே அட்டையிலிருந்து நேரே கணினிக்கு எடுங்கள். பல கமராக்கள் பழைய பதிவின் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். வீட்டுக்கு வந்ததும் நிறுத்தாவிட்டால் ஆதாரம் அழிந்துவிடும்.

அந்த முன்பின் நிமிடங்களில் நீங்களும் இருக்கிறீர்கள். சிவப்பு விளக்கைத் தாண்டியிருந்தால், சாரதியைத் துரத்திப் போய்த் தூஷணம் பேசியிருந்தால் அதையும் பரிசீலகர் பார்ப்பார். முடிவு வரும்வரை காணொளியை முகநூலில் போடவும் கூடாது.

நம் சமூகத்தில் பலர் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. நீதிமன்றத்துக்கு வரச் சம்மதமா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். உணவு விநியோகம் செய்யும் பொடியன்கள், ஆங்கிலம் போதாது என்ற பயத்தில் அங்கே ‘இல்லை’ என்று அழுத்திவிடுகிறார்கள். சாட்சி இல்லாத வழக்கைச் சாரதி மறுத்தால் அதை நடத்த முடியாது, ஆகவே மிஞ்சிப்போனால் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடியும். குற்ற வழக்கில் சாட்சிக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் அவர் காசு கட்ட வேண்டியதில்லை. இரவும் பகலும் வீதியில் நிற்பவர்கள் இவர்கள்தான். இதை உங்கள் இதழ் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

பொலிஸ் பக்கமும் குறை இருக்கிறது. ஒரே மாதிரியான காணொளிக்கு ஒரு மாவட்டத்தில் 3 புள்ளி, பக்கத்து மாவட்டத்தில் ‘மேலதிக நடவடிக்கை இல்லை’ என்று ஒற்றை வரி. சில பிரிவுகள் முடிவையே சொல்வதில்லை. தகடு தெரியவில்லையா, கெடு தாண்டியதா, தரம் மீறப்படவில்லை என்று நினைத்தார்களா என்று ஒரு சொல்லாவது வந்தால்தான் அடுத்த முறை ஒழுங்காக அனுப்பலாம். பரிசீலிப்பவருக்கு அரைமணி வேலை அதிகமாகாது, காரணத்துக்குரிய பெட்டியில் ஒரு அடையாளம் இட்டால் போதும். பதிவுதாரர் பதிலே தராவிட்டால் அதற்கு 6 புள்ளியும் 1,000 பவுண் வரை தண்டமும் உண்டு. ஆனால் கவனயீன வழக்கை 6 மாதத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால், பொலிஸ் அசட்டையாக இருந்தால் அந்தக் காலமும் ஓடிவிடும்.

ஸ்கொட்லாந்தில் உள்ள வாசகர்களுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தாது. அங்கே குற்றத்தை ஒரே மூலத்தின் சாட்சியத்தால் மட்டும் நிறுவ முடியாது என்ற கட்டுப்பாடு இருப்பதால் நடைமுறை வேறு.

அந்த 28 நாள் கணக்கை நம்பி இப்போது யாராவது காணொளியை வைத்துக்கொண்டு காத்திருக்கக்கூடும். அடுத்த இதழ் வரும்வரை பொறுக்காமல், திருத்தத்தை உங்கள் இணையப் பக்கத்தில் இன்றே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்
ஈஸ்ட் ஹாம், லண்டன்