ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் வரும் நினைவஞ்சலிப் பக்கத்தை முன்பெல்லாம் நான் நின்று பார்த்ததே இல்லை. எங்கள் மூத்த மகள் போனதிலிருந்து அதைத்தான் முதலில் பிரிக்கிறேன். கிறிஸ்தவக் குடும்பங்கள் கொடுக்கும் அறிவிப்புகளில் ஒரு வசனம் அடிக்கடி வரும்: "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்." போன வாரம்கூட ஒரு சின்னப் பிள்ளையின் படத்துக்குக் கீழே அதைப் பார்த்தேன். அதைப் போட்ட பெற்றோரைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தையும் சொல்ல இல்லை, அதைச் சொல்ல அவர்களுக்குத்தான் உரிமை. ஆனால் அதே வசனத்தை அடுத்தவர் வீட்டுக்குப் போய், அழுதுகொண்டிருக்கும் தாயின் முகத்துக்கு நேரே சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டில் முதல் வாரத்தில் குறைந்தது பத்துப் பேராவது சொன்னார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. எங்களோடு பல வருடம் ஜெபித்தவர்கள், மகள் நோயில் கிடந்தபோது உபவாசம் இருந்தவர்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் வாயில் வந்த வசனத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் என் மனைவியின் முகம் இன்னும் கொஞ்சம் இறுகியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "விசுவாசிகள் இப்படி அழக் கூடாது, அழுதால் கர்த்தருடைய சித்தத்துக்கு எதிராக நிற்கிறோம் என்று அர்த்தம்" என்றார். அன்றைக்கு இரவு என் மனைவி பைபிளை மூடி அலமாரியில் வைத்தவள்தான், ஐந்து மாதம் திறக்கவில்லை.

அந்த ஐந்து மாதத்தில் நான், அந்த வசனம் வருகிற யோபுவின் புத்தகத்தைப் பைபிளில் திரும்பத் திரும்பப் படித்தேன். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான், ஆனால் சரியாகப் படித்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஏழு மகன்களும் மூன்று மகள்களும் ஒரே நாளில் செத்துப்போன தகப்பன் அவர். சால்வையைக் கிழித்துக்கொண்டு, தலையைச் சிரைத்து, தரையில் விழுந்துதான் அந்த வசனத்தைச் சொல்கிறார். அது முதல் அதிகாரம். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். புத்தகத்தில் மொத்தம் 42 அதிகாரம், நாம் மனப்பாடம் செய்து வைத்திருப்பதோ முதல் அதிகாரத்தில் ஒரு வசனத்தை.

இன்னொன்றையும் கவனித்தேன். "கர்த்தர் எடுத்தார்" என்று சொன்னது பிள்ளைகளை இழந்தவர். அவரைப் பார்க்க வந்த மூன்று நண்பர்கள் அதைச் சொல்லவில்லை. அவர்கள் முதலில் செய்த காரியம் அற்புதமானது, அவருடைய துக்கம் மகா கொடியது என்று கண்டு, ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்தபோதுதான் எல்லாம் கெட்டுப்போனது. "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று யோபு வாய்விட்டே சொல்லிவிட்டார். கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது யார்மேல்? கத்திக் கதறிய யோபுவின்மேல் இல்லை, தேவனுக்காக வாதாடுகிறோம் என்று நினைத்த அந்த நண்பர்கள்மேல். யோபு அவர்களுக்காக ஜெபம் பண்ண வேண்டியதாயிற்று. இதைப் படித்த அன்று எனக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. ஏனென்றால் அதுவரை, நான் உள்ளே கேட்டுக்கொண்டிருந்த கேள்விகளாலேயே தேவன் என்னைத் தள்ளிவிட்டார் என்று பயந்துகொண்டிருந்தேன்.

அப்புறம் என் மனைவியின் கதை. ஒரு நாள் நடுராத்திரி விழித்துப் பார்த்தால் விளக்கு எரிகிறது, அவள் பைபிளைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறாள். சங்கீதம் 88. "கர்த்தாவே, நீர் என் ஆத்துமாவைத் தள்ளிவிட்டு, உமது முகத்தை எனக்கு மறைக்கிறதென்ன?" என்று சத்தமாகப் படித்தாள். "இது பைபிளில்தான் இருக்கிறதா, இல்லை நான் சொன்னதை யாராவது எழுதி வைத்தார்களா" என்று கேட்டாள். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியில் ஒரு திருப்பம் வரும், "ஆனாலும் உம்மைத் துதிப்பேன்" என்பது போல. இதில் வராது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று இருட்டிலேயே முடிந்துவிடும். இப்படி முடிகிற ஒரு ஜெபத்தையும் அந்த 150 சங்கீதங்களுக்குள் சேர்த்து வைத்தார்களே, அதை வெட்டி எறியவில்லையே, அதுதான் அவளைத் திரும்பக் கொண்டுவந்தது. நன்றி சொல்ல முடியாத நாளிலும் ஜெபிக்கலாம், அதற்கும் வார்த்தை இருக்கிறது என்று அவள் கண்டுகொண்டாள். தினமும் அதையே படித்தாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு தானாகவே, "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று ஆரம்பிக்கும் 23-ஆம் சங்கீதத்துக்குப் போனாள். யாரும் தள்ளவில்லை.

எனக்குப் படிக்க முடியாமல் போன பகுதி ஒன்று உண்டு, யவீருவின் மகள். 12 வயதுப் பிள்ளை, செத்துப்போனாள் என்று செய்தி வந்த பிறகும் இயேசு அந்த வீட்டுக்குப் போய், கையைப் பிடித்து, "தலீத்தாகூமி", அதாவது சிறுபெண்ணே எழுந்திரு, என்று எழுப்புகிறார். அந்தத் தகப்பனுக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை? நானும்தான் காலில் விழுந்தேன். இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை, யாராவது பதில் வைத்திருக்கிறேன் என்று வந்தால் கேட்கிற பொறுமையும் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் இருக்கிறது. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சிலுவையில் கேட்டவருக்கும் அந்த நேரத்தில் வானத்திலிருந்து பதில் வரவில்லை. நான் தனியாக நிற்கவில்லை என்று எனக்குப் புரிந்தது அங்கேதான். என்னுடைய விசுவாசம் இன்று அந்த இடத்தில்தான் நிற்கிறது, அதைவிடப் பெரிதாக எதையும் நான் உரிமை கொண்டாடவில்லை.

"இயேசுவே நாயீன் ஊர் விதவையிடம் அழாதே என்றுதானே சொன்னார்" என்று எங்கள் சபையில் ஒருவர் என்னிடம் வாதாடினார். சொன்னார், உண்மைதான். சொன்ன கையோடு பாடையைத் தொட்டு, அவளுடைய மகனை உயிரோடு எழுப்பி அவளிடம் ஒப்புவித்தார். அப்படிக் கொடுக்க முடிந்தவர் "அழாதே" என்று சொல்லலாம். நம்மால் அது முடியாதே. லாசரு விஷயத்தில் பாருங்கள், செத்து நான்கு நாள் ஆனவனை இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும், அவனுடைய சகோதரி மரியாள் அழுவதைப் பார்த்து இயேசுவும் கண்ணீர் விட்டார். முடிவு தெரிந்தவரே அழுதார் என்றால் முடிவு தெரியாத நாங்கள் அழுவதில் என்ன அவிசுவாசம் இருக்கிறது?

அப்போஸ்தலன் பவுல் தெசலோனிக்கே ஊர் சபையாருக்கு எழுதியதையும் பாதியாக வெட்டித்தான் பேசுகிறார்கள். துக்கப்படாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை, நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கப்படாதீர்கள் என்கிறார். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்! துக்கம் உண்டு, ஆனால் அதற்குள் ஒரு கதவு திறந்திருக்கிறது, திரும்பப் பார்ப்போம் என்ற கதவு. அந்தக் கதவு திறந்திருப்பதால்தான் எங்களால் தைரியமாக அழ முடிகிறது. மகளுடைய அறையைச் சுத்தம் செய்யும்போது நானும் மனைவியும் இப்போதும் அழுகிறோம், அழுது முடித்து அவளைப் பற்றிப் பேசுகிறோம், "பார்க்கும்போது கேட்கலாம்" என்று சில விஷயங்களை அப்படியே விட்டுவிடுகிறோம். இது எங்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று இந்த நம்பிக்கை இல்லாதவர்களுக்கு என்னால் விளக்க முடியுமா தெரியவில்லை, ஆனால் இது இல்லாமல் எங்களால் ஒரு நாளைக்கூடத் தாண்டியிருக்க முடியாது.

இன்னொரு விஷயம். என் மனைவி தூங்காமல், சாப்பிடாமல் கிடந்தபோது மருத்துவரிடம் கூட்டிப்போனேன், அதற்கும் "ஜெபம் போதாதா" என்று கேட்டார்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சொன்னபோது தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்து, மறுபடி தூங்க விட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கர்த்தர் பேசியது அதற்கெல்லாம் அப்புறம். உடம்பு உடைந்து கிடப்பவர்களைத் தயவுசெய்து மருத்துவரிடம் போக விடுங்கள், குற்ற உணர்ச்சியை அவர்கள் தலையில் ஏற்றாதீர்கள்.

எங்கள் சபையில் வயதான அம்மா ஒருவர் இருக்கிறார். மகள் போன பிறகு வாரம் ஒரு நாள் வருவார். என் மனைவியின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருவார். கையைப் பிடித்துக்கொள்வார். என்னுடைய ஞாபகத்தில் அவர் முதல் இரண்டு மாதம் ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. கிளம்பும்போது "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பிப்பார், மனைவி வாய் திறக்காவிட்டால் அவரே முடித்துவிட்டுப் போவார். பிறகு ஒரு நாள் "அன்றன்றுள்ள எங்கள் அப்பத்தை" என்ற இடத்தில் என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். பக்கத்து அறையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பரிசுத்த ஆவியானவரை இயேசு "வேறொரு தேற்றரவாளன்" என்று சொல்கிறார், நம் தமிழ் பைபிளில், யோபு தன் நண்பர்களைப் பார்த்து அலுத்துக்கொண்டு சொன்ன அதே சொல். இயேசு சொன்ன இடத்தில் மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்கு, பக்கத்தில் நிற்கும்படி அழைக்கப்பட்டவர் என்று பொருளாம், எங்கள் போதகர் சொன்னார். அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வரும்.

அடுத்த மாதம் மகளுடைய இரண்டாம் ஆண்டு நினைவு. உங்கள் பத்திரிகையில் அறிவிப்பு கொடுக்கிறோம். என்ன வசனம் போடுவது என்று நானும் மனைவியும் நாலு நாள் பேசினோம். யோபுவின் வசனத்தைப் போட எங்களுக்கு இன்னும் பலம் வரவில்லை, வரும்போது போடுவோம். சங்கீதம் 13-இன் முதல் வசனத்தைப் போடலாம் என்று அவள்தான் சொன்னாள்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" நினைவஞ்சலியில் இப்படி ஒரு வரி வருவதைப் பார்த்து யாராவது தவறாக வந்துவிட்டது என்று நினைத்து மாற்றிவிடக் கூடாது என்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன். நாங்கள் அதை ஜெபமாகத்தான் போடுகிறோம். கடைசியில் இருக்கும் கேள்விக்குறியோடு அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்