கம்ப்யூட்டரைப் போட்டது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 11 வருடமாக இலைக்கணக்கு ஏற்றுகிறேன். ஐப்பசி மழையில் ஒரு சனிக்கிழமை மாலை கம்ப்யூட்டரை நானே அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். திங்கள் காலை வந்தால் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு திரை எரிகிறது.

ராத்திரியில் ஆபீஸ் சாவி வாட்ச்மேன் அண்ணனிடம் இருக்கும். "உட்கார்ந்து படம் பார்த்தியா?" என்று மேனேஜர் கேட்டார். "எனக்கு அதைப் போடவே தெரியாதுங்க" என்றார் அண்ணன். யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள், சாவியையும் வாங்கிக்கொண்டார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் கம்ப்யூட்டரில் நடப்பதையெல்லாம் நேரத்தோடு பதிந்துவைக்கும் குறிப்பேட்டைக் (லாக்) காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸுக்குள் சிஸ்டம் என்பதைப் பார்த்தேன். எங்களுடையது பழைய விண்டோஸ் 7. மெஷின் எழும்பினால் 6005 என்று ஒரு வரி விழும். முறையாக அணைத்தால் 6006. அணைக்கச் சொன்னது எந்த யூசர் என்பது 1074-இல் இருக்கும். பட்டென்று கரண்ட் போய் நின்றிருந்தால், அடுத்த முறை எழும்பும்போது 6008 என்று எழுதிவைக்கும்.

சனி மாலை 5:52-க்கு நான் அணைத்த 1074-உம் 6006-உம் இருந்தன. அப்புறம் ஞாயிறு முழுக்க ஒன்றுமில்லை. திங்கள் விடியற்காலை 2:41-க்கு 6005. மறுபடி 3:07-க்கு, மறுபடி 4:30-க்கு. பிந்தைய இரண்டோடும் தலா ஒரு 6008. அதாவது மூன்று தடவை எழும்பியிருக்கிறது, நடுவில் ஒரு தடவைகூட யாரும் அணைக்கவில்லை. லாகின் செய்ததைக் காட்டும் 7001 காலை 9:05-க்குத்தான் வருகிறது. அது நான்.

அன்று ராத்திரி காற்றில் ஒரு கற்பூர மரம் லைன் மேல் சாய்ந்து, கரண்ட் போய்ப் போய் வந்தது ஊருக்கே தெரியும். எங்கள் யுபிஎஸ் பேட்டரியோ ஐந்து நிமிடம் தாங்கினால் பெரிய விஷயம். ஆனாலும் அணைத்துவைத்த கம்ப்யூட்டர் ஏன் எழும்ப வேண்டும்? விண்டோஸ் எழும்புவதற்கு முன்னால் வரும் பயாஸ் என்கிற அடிப்படை செட்டிங்கில் போய்ப் பார்த்தால், கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி வைத்திருக்கிறது. மேனேஜரைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரை அணைத்து, அதன் ஒயரைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் கழித்துச் செருகினேன். பட்டனை யாரும் தொடவில்லை. ஃபேன் 'உர்ர்' என்று சுற்ற ஆரம்பித்தது. அவர் ஒன்றும் பேசவில்லை.

சிறிய ஆபீஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க இன்னும் சில சொல்ல வேண்டும். இந்த நேரமெல்லாம் கம்ப்யூட்டர் கடிகாரம் காட்டும் நேரம். மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி செத்திருந்தால் தேதியே வருடக்கணக்கில் பின்னால் போய்விடும். நான் முதலில் செல்போனோடு ஒப்பிட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தேன். விண்டோஸ் 10-இல் சீக்கிரம் எழும்புவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி ஆனில் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் முழுசாக அணையாது. என் வீட்டு மெஷினைத் தினமும் ராத்திரி அணைக்கிறேன், ஆனால் டாஸ்க் மேனேஜர் அது ஆறு நாளாக ஓடுவதாகச் சொல்கிறது. அதை நம்பி ஒருவரிடம் விளக்கம் கேட்டால் என்ன ஆகும்? இன்னொன்று, எங்கள் ஆபீஸில் நாலு பேருக்கும் ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்டு. நடுராத்திரியில் ஒரு 7001 இருந்திருந்தால்கூட அது எங்களில் யார் என்று அந்த லாக் சொல்லாது. ஆளுக்கு ஒரு யூசர் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பிடித்த சம்பளத்தை அண்ணனுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சாவி மட்டும் இன்னும் மேனேஜர் மேசையில்தான் இருக்கிறது.

– ஒரு வாசகி, கோத்தகிரி