கடலை விட்டுப் போகச் சொன்னார்கள்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகள் படித்துக் காட்டுகிறேன் என்றாள். வேண்டாம் என்று தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். நேற்றுத் தடை நீங்கியதும் முதலில் பிரித்தது அதைத்தான்.

பேரன் பேச்சுப் போட்டிக்கு, வட ஆப்பிரிக்கக் கடலோர வணிக நகரமான கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலை எடுத்திருக்கிறான் என்றதும் மனம் துள்ளியது. விடுதி மொட்டைமாடியில் நீ ரோம் கட்சியும் நான் கார்த்தேஜ் கட்சியுமாக விடிய விடிய வாதாடியது நினைவிருக்கிறதா? யானைகளோடு ஆல்ப்ஸைக் கடந்ததும், கி.மு. 216இல் இத்தாலியின் கன்னேயில் ஒரே நாளில் ஏறக்குறைய 50,000 ரோமானியர் மடிந்ததும் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கின்றன. அவற்றை அவனே தேடிக்கொள்வான். நான் சொல்ல விரும்புவது ஹன்னிபால் தோற்ற பிறகு நடந்ததை. வயதாக ஆக என்னை அதிகம் உலுக்குவது அதுதான்.

கி.மு. 202இல் ஜாமாவில் தோற்ற கார்த்தேஜ் மீது ரோம் விதித்த தண்டம் 10,000 தாலந்து வெள்ளி (தாலந்து என்பது அக்கால எடை அளவு). அதை 50 ஆண்டுத் தவணையில் கட்ட வேண்டும். போர்க்கப்பல் பத்துக்கு மேல் கூடாது. ரோமின் அனுமதியின்றிப் போரும் கூடாது. பத்தே ஆண்டில் அந்த வணிகர்கள் தலைநிமிர்ந்துவிட்டார்கள். மிச்சத்தை மொத்தமாகவே தந்துவிடுகிறோம் என்று கி.மு. 191இல் கேட்டார்கள். ரோம் மறுத்துவிட்டது. கடன் தீர்ந்தால் பிடி தளர்ந்துவிடும் அல்லவா?

கடைசித் தவணையும் தீர்ந்தது. பக்கத்து நுமிடிய அரசன் மாசினிசா ஆண்டுக்கணக்காக அவர்கள் நிலத்தை அரித்துக்கொண்டிருந்தான். பொறுக்க முடியாமல் அவர்கள் ஆயுதம் எடுத்தார்கள். அதையே குற்றமாக்கி கி.மு. 149இல் ரோம் படை அனுப்பியது. முதலில் பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் 300 பேரை ரோமானியர் பிணையாகக் கேட்டார்கள், கார்த்தேஜியர் அனுப்பினார்கள். பிறகு ஆயுதங்களைக் கேட்டார்கள். 2,00,000 பேருக்கான போர்க்கவசங்களும் 2,000 கல்லெறி பொறிகளும் வண்டி வண்டியாகப் போய்ச் சேர்ந்தன. எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் கடைசி ஆணை: நகரத்தை விட்டு வெளியேறுங்கள், கடலிலிருந்து 80 ஸ்டேடியம், அதாவது சுமார் 15 கிலோமீட்டர் தள்ளிக் குடியேறுங்கள். கடல்தான் உங்களுக்குக் கேடு, உழுது பிழைப்பதே நிம்மதி என்று ரோமின் உயர் ஆட்சியாளரான கான்சல் சென்சொரினஸ் அறிவுரை வேறு சொன்னதாகப் பழைய வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார்.

யாரிடம் சொல்கிறார்கள் என்று பார். வணிகக் கப்பலுக்கு ஒன்று, உள்ளே வட்ட வடிவில் 220 போர்க்கப்பல் நிற்க ஒன்று என்று இரண்டு துறைமுகம் வெட்டிய ஊர் அது. சிசிலியில் மார்சாலா அருகே கடலடியில் கிடைத்த கார்த்தேஜியக் கப்பலின் பலகைகளில், எந்தத் துண்டு எங்கே பொருந்தும் என்று தச்சர்கள் வண்ணத்தில் தீட்டிய எழுத்துகளை இன்றும் பார்க்கலாம். ரோமோடு நடந்த முதல் போரில் தரைதட்டிய ஒரு கார்த்தேஜியக் கப்பலைப் பார்த்துத்தான் ரோமானியர் தங்கள் முதல் பெரிய கடற்படையையே கட்டினார்கள். அந்த ஜனங்களிடம்தான் கடலை மறந்துவிடு என்றார்கள்.

அவர்கள் மறுத்தார்கள். ஆயுதம் ஒன்றுகூட இல்லாத நகரம், கோயில்களையே பட்டறையாக்கி இரவும் பகலும் உழைத்து, நாளொன்றுக்கு 100 கேடயமும் 300 வாளும் செய்தது. பொறிகளுக்கு முறுக்குக் கயிறு இல்லை. பெண்கள் தங்கள் கூந்தலை அறுத்துக் கொடுத்தார்கள். மூன்றாம் ஆண்டில்தான் நகரம் விழுந்தது. கடைசி ஆறு நாள், துறைமுகத்திலிருந்து நகரின் கோட்டையிருந்த பிர்சா குன்றுவரை வீடு வீடாகச் சண்டை. உயிரோடு வெளியே வந்த 50,000 பேரும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

இடிபாட்டில் உப்பைத் தூவினார்கள் என்று மட்டும் பேரன் பேச வேண்டாம். பழைய ஆசிரியர் ஒருவரும் அப்படி எழுதவில்லை. பின்னால் சேர்ந்த கதை அது. நடந்ததே போதுமான கொடுமை.

இன்னொன்றை அவன் கட்டாயம் சொல்ல வேண்டும். கார்த்தேஜின் நூலகங்களை ரோமானியர் ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். கார்த்தேஜியரான மாகோ எழுதிய 28 நூல் கொண்ட வேளாண்மைப் படைப்பை மட்டும் லத்தீனில் பெயர்க்கச் சொன்னது ரோமின் ஆட்சி மன்றமான செனட். மூலமும் போயிற்று, பெயர்ப்பும் போயிற்று. மற்றவர்கள் எடுத்தாண்ட துணுக்குகளே மிச்சம். ஹன்னிபாலைப் பற்றிக்கூட நாம் படிப்பதெல்லாம் மறுதரப்பினர் எழுதியது. அதனால்தான் அந்தத் துணுக்குகள் மீது எனக்கு அத்தனை ஆசை. நிலம் வாங்குகிறவன் நகரத்து வீட்டை விற்றுவிட வேண்டும் என்பது மாகோவின் அறிவுரை. ஊரில் இரண்டு ஏக்கர் பேசி முடித்திருப்பதாக நீ எழுதியதைப் படித்ததும் அந்த வரிதான் நினைவுக்கு வந்தது.

பத்திரப் பதிவு எந்தத் தேதி என்று எழுது, நானும் வருகிறேன். பேரனின் பேச்சை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல். இப்போது நன்றாகக் கண் தெரிகிறது. தங்கையை விசாரித்ததாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்