கீழே ஓடி மேலே நின்றுபோகும் செயின்சா: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் பட்டறைக்குப் பலவகைச் செயின்சாக்கள் வந்தாலும், மரமேறிக் கிளை கழிப்போர் இடுப்புக் கயிற்றில் தொங்கவிட்டுக் கொண்டுசெல்லும் மேல்பிடி வகைச் சிறிய செயின்சாவைப் பற்றி மட்டும் இம்மடலை எழுதுகிறோம். “கீழே நன்றாக ஓடுகிறது, மேலே போனால் நின்றுவிடுகிறது, கார்புரேட்டர் போய்விட்டது” என்பதே எங்களிடம் அதிகம் சொல்லப்படும் குறை. இதன் முற்பகுதி பழுதைக் கண்டுபிடிக்க மிகவும் உதவும் தகவல். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரைக் குறைசொல்லும் பிற்பகுதி பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு.

கீழே சோதித்துப் பார்க்கும்போது டாங்கி நிரம்பியிருக்கும், இயந்திரம் நேராக இருக்கும், ஓரிரு நிமிடங்களே ஓடும். மரத்தின் மேலோ டாங்கி பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும்; செயின்சா பக்கவாட்டிலும் மூக்கு மேல்நோக்கியும் திரும்பும்; நண்பகல் வெயிலில் நன்றாகச் சூடேறியும் இருக்கும். எனவே பழுதைத் தேடுவோர் அந்த நிலைமையைத் தரையிலேயே உண்டாக்கிப் பார்க்க வேண்டும். டாங்கியில் கால் பங்கு எரிபொருள் மட்டும் வைத்து, இயந்திரம் சூடேறியபின், செயின் பிரேக்கைப் போட்டு ஐடலில் (வேக விசையை அழுத்தாமல் மெதுவாக) ஓடவிட்டு, நான்கு பக்கமும் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஒரே பக்கம் சாய்க்கும்போது மட்டும் அணைந்தால், டாங்கிக்குள் உள்ள ரப்பர் குழாய் விறைத்துப்போய், அதன் நுனியிலுள்ள பில்டர் எரிபொருளைத் தொடர்ந்து போக முடியாமல் காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள். குழாயும் பில்டரும் விலை குறைந்த பொருள்கள். கார்புரேட்டரைத் தொட வேண்டிய தேவையே இராது.

எப்படிச் சாய்த்தாலும் ஓடி, சில நிமிடங்களுக்குப் பின் மூச்சுத் திணறுவதுபோல் இழுத்து இழுத்து அணைந்தால், டாங்கியின் காற்றுத் துளையைச் சந்தேகிக்க வேண்டும். எரிபொருள் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும்; மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து துளையை அடைத்துவிட்டால் டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி எரிபொருள் மேலே ஏறாது. இயந்திரம் அணைந்ததும் மூடியை மிக மெதுவாகத் தளர்த்துங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அடுத்த இழுப்பிலேயே இயந்திரம் கிளம்பினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. இச்சோதனையைத் தரையில் மட்டுமே செய்யவும்; காற்றுத் துளை கோளாறாகிச் சூடேறிய டாங்கிக்குள் சில வேளை வெற்றிடத்துக்கு மாறாக அழுத்தமும் இருக்கும், அப்போது பெட்ரோல் முகத்தில் பீய்ச்சியடிக்கக்கூடும்.

இந்த இரண்டையும் பார்க்காமல் கார்புரேட்டர் திருகைத் திருப்புவதுதான் எங்களுக்குப் பெரும் வருத்தம் தரும் பழக்கம். இவை டூ-ஸ்ட்ரோக் இயந்திரங்கள். உள்ளே உராய்வைத் தடுக்கும் எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே வருகிறது. முழு வேகக் கலவைக்கான ‘எச்’ திருகை இறுக்கினால் எரிபொருள் குறையும், இயந்திரம் கீச்சென்று வேகமெடுக்கும், கேட்பவருக்கு வலுக் கூடியதுபோல் தோன்றும். உண்மையில் எண்ணெயும் சேர்ந்தே குறைந்து பிஸ்டன் வறள்கிறது. சைலன்சரைக் கழற்றி, அந்தத் துவாரத்தின் வழியே விளக்கடித்துப் பார்த்தால், பிஸ்டனின் பக்கவாட்டில் மேலும் கீழுமாகக் கீறல்கள் விழுந்திருப்பதைக் காணலாம். அந்த நிலைக்கு வந்தபின் சிலிண்டரையும் பிஸ்டனையும் மாற்றும் செலவைச் சொல்வதற்கே எங்களுக்குச் சங்கடமாக இருக்கும். ஸ்டில் எம்எஸ் 201 டிசி-எம், ஹஸ்க்வர்னா டி540 எக்ஸ்பி போன்றவற்றில் கலவையை மின்னணுக் கருவியே சரிசெய்துகொள்வதால் இந்த ஆசைக்கு இடமில்லை.

ஐடலில் நன்றாக ஓடி, முழு வேகத்தில் மட்டும் வலு இல்லாமல் போனால் ஏர் பில்டரையும், சைலன்சர் வாயிலுள்ள சிறு கம்பி வலையையும் பாருங்கள். எண்ணெய் அதிகமாகக் கலப்போரின் வலையில் கரி அப்பியிருக்கும். தயாரிப்பாளர் 50:1 என்று சொல்லியிருந்தால், 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் டூ-டி (டூ-ஸ்ட்ரோக் இயந்திர) எண்ணெய். “கொஞ்சம் கூடப் போட்டால் நல்லது” என்பது சரியன்று. படகு இயந்திரத்துக்கான டூ-டி எண்ணெய் நீரால் குளிரும் இயந்திரத்துக்கு உரியது. காற்றால் குளிரும் செயின்சாவுக்கு ஆகாது.

இனிச் சொல்வது உயிர் தொடர்பானது. விசையை விட்டபின்னும் செயின் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால், அந்தச் செயின்சாவோடு மரமேற வேண்டாம். உங்கள் தொடைக்கும் உங்களைத் தாங்கும் கயிற்றுக்கும் அருகில்தான் அது தொங்குகிறது. முதலில் ஐடல் திருகைக் குறைத்துப் பாருங்கள். செயின் நிற்பதற்கு முன்பே இயந்திரம் அணைந்துவிட்டால், வேகம் கூடும்போது மட்டும் செயினை ஓட்டும் கிளட்ச்சிலுள்ள சுருள்வில் தளர்ந்தோ உடைந்தோ இருக்கக்கூடும். விசையை விட்டும் வேகம் உடனே இறங்காமல் சற்று நேரம் தொங்கி நின்றால், எங்கோ காற்றுக் கசிகிறது. இதற்கு அழுத்தச் சோதனை தேவைப்படுவதால் பட்டறைக்குக் கொண்டுவருவதே நல்லது.

தென்னை கழிப்போருக்குத் தனியாக ஒன்று. தென்னை நார், செயின் சுற்றி ஓடும் தட்டைப் பட்டையான பாரின் பள்ளத்துக்குள் திணிந்துபோய், செயினுக்கு எண்ணெய் விடும் சிறு துளையை அடைத்துவிடும். பாரின் நுனியை ஒரு வெள்ளை அட்டைக்கு மேல் பிடித்து வேகமெடுத்தால் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழவில்லையெனில் பாரைக் கழற்றி, பள்ளத்தையும் துளையையும் கம்பியால் சுத்தம் செய்து, பாரைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டுங்கள். இரு விளிம்பும் சீராகத் தேயும். காரிலிருந்து வடித்த பழைய எண்ணெயை அதில் ஊற்ற வேண்டாம். அதிலுள்ள உலோகத் துகள்கள் எண்ணெய் பம்ப்பைத் தேய்த்துவிடும்.

பழுதுபார்க்கக் கொண்டுவருவோர், பட்டறைக்கு மரியாதை என்று எண்ணி டாங்கியைக் காலிசெய்து, துடைத்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவருகிறார்கள். அருள்கூர்ந்து துடைக்க வேண்டாம். எண்ணெய் எங்கே கசிந்து தூள் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைப் பார்த்தே பல பழுதுகளைக் கண்டுபிடிக்கிறோம். டாங்கியில் உள்ளதை மூடியுள்ள தகரக் கலத்தில் ஊற்றி உடன் எடுத்து வாருங்கள். அதன் நிறமும் நாற்றமும் அடியில் தண்ணீர் நிற்பதும் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

இங்ஙனம்,
பட்டறையினர்,
செந்தூல், கோலாலம்பூர்