விசாவைக் கொஞ்சம் தள்ளிப் போடு

கருங்கல்,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஜெசிந்தா,

ஜெபினுக்கு மஸ்கட்டில் ஒரு கடையில் வேலை ஒத்து வந்திருக்கிறது, அடுத்த மாதமே விசா எடுத்துவிடலாம் என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். வேண்டாம் மக்கா. இப்போது வேண்டாம். மெத் என்கிற அந்தப் போதைப்பொருளை விட்டு உன் பிள்ளை இன்னும் முழுசாக மீளவில்லை. இதைப் போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் கூட அழுவேன், சொல்ல வேண்டியது பாதியில் நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன். நைட் டூட்டி முடிந்து ரூமுக்கு வந்து, எதையாவது சாப்பிட்டுவிட்டு நிதானமாக வாசி.

பயல் எப்படி இருக்கிறான் என்றுதானே முதலில் கேட்பாய். உடம்பு தேறிவிட்டது. கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. நோண்டி நோண்டிக் கையில் வைத்திருந்த புண்ணெல்லாம் காய்ந்து பொருக்கு உதிர்ந்துவிட்டது. வீடியோ காலில் நீ பார்த்துச் சந்தோஷப்படுவது இதைத்தான். எனக்குப் பயம் வருவதும் இதைப் பார்த்துத்தான்.

வந்த அன்று அவன் இருந்த இருப்பை உன் அம்மை உன்னிடம் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டாள். பெங்களூர் பஸ்ஸில் வந்து மார்த்தாண்டத்தில் இறங்கினவனை என் தம்பிதான் ஆட்டோவில் கூட்டி வந்தான். எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்தானோ தெரியாது. ரப்பர் மரத்துக்குப் பின்னால் ஆள் நிற்கிறது, போன் வழியாக யாரோ பார்க்கிறார்கள் என்று சொல்லி ஜன்னலுக்கெல்லாம் துணி கட்டினான். உடனே ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஈசிஜி, பிரஷர் பார்த்து, ரத்தம் எடுத்து, சில நாள் வார்டில் வைத்து ஓலன்சாபின் என்ற மனநோய் மருந்து கொடுத்தார்கள். மெத் போடுகிறவர்களுக்கு வரும் இந்தச் சந்தேகமும் காதில் கேட்கும் சத்தமும் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் நின்றால் வேறு மனநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவனுக்கு வார்டில் இருக்கும்போதே அடங்கியது. அந்த மட்டுக்குக் கடவுள் காப்பாற்றினார்.

நாம் நர்சிங் படித்த காலத்தில் டீடாக்ஸ், அதாவது உடம்பிலிருந்து போதையை இறக்குவது, என்றால் குடிதான். கை நடுக்கம், பிட்ஸ், இல்லாத பூச்சியைப் படுக்கையில் தேடுவது, லிப்ரியம், தயமின் ஊசி, இதெல்லாம் உனக்கும் மறந்திருக்காது. குடியைச் சட்டென்று நிறுத்தினால் உயிரே போகலாம். இதில் அப்படி இல்லை. மெத் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகும். இரண்டு மூன்று நாளில் பெரும்பகுதி போய்விடும். நீ டயாலிசிஸில் செய்கிற மாதிரி அலசி எடுக்க எதுவுமே கிடையாது. தூங்க விடணும், தண்ணீர் கொடுக்கணும், சோறு போடணும், பக்கத்தில் ஒரு ஆள் இருக்கணும், அவ்வளவுதான். அவனும் அப்படித்தான் தூங்கினான். எழுந்தால் பசி. மரச்சீனியும் சாளைக் கறியும் வைக்க வைக்கத் தின்றான். உன் அம்மை சட்டியோடு பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டாத குறையாகப் போட்டாள். பிறகு என்னிடம் வந்து, "பிள்ளைக்கு இப்பம் கொள்ளாமே லீலா, பின்ன எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நிஜமான கஷ்டம் தொடங்கியது. தூக்கம் தெளிந்தது, பசி பழைய நிலைக்கு வந்தது, ஆனால் ஆள் திண்ணையில் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான். காற்றாட இருக்கட்டுமே என்று ஒரு சாயங்காலம் முட்டத்துக்குக் கூட்டிப் போனேன். சின்னதில் அந்தப் பாறையை விட்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தவன் அல்லவா. கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுச் சொன்னான்: "சித்தி, வெறும் தண்ணியாட்டுதான் கெடக்குது. எனக்கு ஒண்ணுமே தோணல்ல. இனி இப்படியேதான் இருக்குமா?"

ஜெசிந்தா, இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எத்தனையோ பேர் திரும்பப் போய் அதை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். சோம்பல், திமிர், நன்றி கெட்டவன் என்று வீட்டில் சொல்வதும் இந்த நேரத்தில்தான். மெத் மூளையில் சந்தோஷத்தோடு சம்பந்தப்பட்ட டோபமைன் என்ற ரசாயனத்தை அள்ளிக் கொட்டவைக்கிறது. பல மாதம் அப்படிக் கொட்டியபின், மீன்கறியோ கடலோ சிநேகிதனின் சிரிப்போ கொடுக்கிற கொஞ்சம் சந்தோஷம் அந்த மூளைக்கு எட்டுவதே இல்லை. ஆனால் அது அப்படியே நின்றுவிடாது. ஒரு வருஷத்துக்கும் மேல் விலகி இருந்தவர்களை ஸ்கேன் செய்து பார்த்ததில் டோபமைனைத் திரும்ப எடுக்கும் அமைப்பு நன்றாகவே மீண்டிருந்தது என்று 2001இல் ஒரு ஆய்வு வந்தது. சில பேர்தான் அதில் இருந்தார்கள். என்றாலும் முட்டத்துப் பாறையில் உட்கார்ந்து அவனுக்கு அதைத்தான் சொன்னேன். "இப்படியே இருக்காது மக்கா, மெல்ல மெல்ல வரும், ஆனா மாசக்கணக்கில ஆகும்." நம்பினானா என்று தெரியவில்லை. நான் நம்பித்தான் சொன்னேன்.

சாகலாம் போலத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. சில ராத்திரி தோன்றுகிறது என்றான். அன்றே ரப்பர் ஷீட் அடிக்க வைத்திருந்த ஆசிட் கேனையும், உன் அம்மையின் பிரஷர் மாத்திரை உட்பட எல்லா மருந்தையும் என் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அம்மைக்கு அன்றன்றைய மாத்திரையை நானே கொண்டு கொடுக்கிறேன். டாக்டரிடமும் சொல்லி மருந்தை மாற்றினோம். ராத்திரி என் போன் திறந்தே இருக்கும். நான் கிடைக்காவிட்டால் கூப்பிட 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அவன் போனில் பதிந்து கொடுத்திருக்கிறேன். எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். போதைக்கென்றே உள்ள 14446ஐ நீயும் குறித்து வை, குடும்பத்தார் கூப்பிட்டாலும் பேசுவார்கள்.

இதற்கென்று ஒரு மாத்திரை இல்லையா என்று கேட்டிருந்தாய். ஹெராயினுக்குப் புப்ரெனார்பின் இருப்பதுபோல இதற்கு இன்னும் எந்த மருந்தும் அங்கீகரிக்கப்படவில்லை. 2021இல் அமெரிக்காவில் நால்ட்ரெக்சோன் ஊசியையும் புப்ரோபியான் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நூற்றுக்குப் பதிமூன்று பதினான்கு பேருக்குப் பலன், டம்மி மருந்து கொடுத்தவர்களில் இரண்டு மூன்று பேருக்கு. ஒன்றுமில்லாததற்கு அது பெரிய விஷயம்தான், ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார முடியாது. இதுவரை நன்றாகப் பலன் தந்திருப்பது கவுன்சலிங்கும், சோதனையில் சுத்தம் என்று வரும்போதெல்லாம் கையோடு கொடுக்கும் சின்னப் பரிசும்தான். லஞ்சம் மாதிரி இருக்கிறதே என்பாய். சந்தோஷமே தெரியாமல் கிடக்கும் மூளைக்கு, விலகி இருப்பதால் உடனே ஒரு நல்லது கிடைத்தது என்று காட்ட வேண்டும், அதற்குத்தான்.

அவனும் நானும் பேசி ஒப்புக்கொண்டுதான் செய்கிறோம், ஒளித்து எதுவும் இல்லை. சிறுநீர் சோதனை அட்டையில் இரண்டு கோடு வந்தால் மெத் இல்லை என்று அர்த்தம், நாம் கர்ப்பம் பார்க்கும் அட்டைக்கு நேர் எதிர். முதல் தடவை இரண்டு கோடு வந்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது, நான் விளக்கிச் சொன்ன பிறகுதான் மூச்சு விட்டான். சுத்தம் என்று வந்தால் டர்ஃபில் பந்து விளையாட அவன் பங்குக் காசை நான் கொடுத்துவிடுவேன். விளையாடிவிட்டு வரும் நாளில் தூக்கமும் நன்றாக வருகிறது. ஜலதோஷ மாத்திரை சிலவற்றாலும் அட்டை தப்பாகக் காட்டும், அதனால் ஒருமுறை கோடு மறைந்தாலும் உடனே அவனைக் குற்றவாளியாக்கக் கூடாது என்று உன் அம்மையிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். உன் அண்ணன் பரோட்டா பார்சல் வாங்கி வந்தார். சால்னா சிந்தாமலிருக்க மேலே சில்வர் பேப்பர் சுற்றியிருந்தது. ஜெபின் அதைப் பிரித்தான். பேப்பரை மேஜையில் வைத்து விரலால் தடவி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் நீவிவிட்டான். கை நடுங்கத் தொடங்கியது, நெற்றியெல்லாம் வியர்வை. அவன் புகைத்தது அந்த மாதிரிப் பேப்பரில் வைத்துத்தான். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவனே எழுந்து கிணற்றங்கரைக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு எனக்குப் போன் செய்தான். நான் போய்ச் சேரும்போது கொஞ்சம் அடங்கியிருந்தது. அந்த வெறி பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானே தணியும், அதுவரை தாக்குப்பிடித்தால் போதும் என்று கவுன்சலர் சொல்லிக் கொடுத்திருந்தார். அதை அவன் செய்து காட்டிவிட்டான். எனக்கு அவன்மேல் மரியாதையே வந்தது.

இப்போது நினைத்துப் பார். மஸ்கட் ரூமில் முன்பின் தெரியாத ஆட்களோடு, மாதச் சம்பளம் கையில், லீவு நாளில் பேச ஆளில்லாமல் இருக்கும்போது அந்தப் பேப்பர் கையில் வந்தால் யாருக்குப் போன் செய்வான்? நீ டூட்டியில் இருப்பாய். அங்கே சட்டம் எப்படி என்று உனக்கே தெரியும். பெங்களூரில் இதைத் தொட்டதும் ராத்திரி ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்கத்தானே. ஊரை மாற்றினால் பழைய கூட்டாளிகள் போவார்கள் என்பது உண்மை. ஆனால் நம்மையும் அல்லவா அவன் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும்.

உன் அண்ணன் இன்னொரு யோசனை வைத்திருக்கிறார். எங்கோ ஒரு மையமாம், ஆறு மாதம் பூட்டி வைத்து, அடித்து ஒழுங்காக்கி அனுப்புவார்களாம். நான் கோபப்பட்டுவிட்டேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியோடு 28 பேர் எரிந்து செத்ததைத் தமிழ்நாட்டில் வாழ்கிறவர் மறக்கலாமா என்று கேட்டேன். 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தில் போதைப் பிரச்சினையும் அடக்கம். யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது, மையம் பதிவு செய்திருக்க வேண்டும், நோயாளி விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது. எல்லா மையத்தையும் குறை சொல்லவில்லை. பதிவும் டாக்டரும் உள்ள நல்ல இடங்கள் இருக்கின்றன, வேண்டிவந்தால் பார்ப்போம். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்றும் அவருக்குப் பயம். 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. சிறு அளவு வைத்திருந்ததற்கோ உபயோகித்ததற்கோ வழக்கே இருந்தாலும், தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முழுக்க எடுப்பவனுக்கு அது பாதுகாப்புத் தருகிறது. அண்ணனுக்கு வாசித்தே காட்டினேன்.

ஒரு கல்யாணம் செய்து வைத்தால் சரியாகும் என்று பேசுகிறவர்களுக்கு நீ பதிலே சொல்லாதே. இன்னொரு வீட்டுப் பெண்பிள்ளையை மருந்தாக நினைப்பது பாவம்.

நீ வெளிநாடு போனதால்தான் பிள்ளை கெட்டான் என்று உன்னை நீயே தின்றுகொண்டிருக்கிறாய் என்று அம்மை சொன்னாள். எங்கள் வார்டுக்குப் பிள்ளையைக் கூட்டி வரும் தாய்மாரில் இரணியலைத் தாண்டி வேலைக்குப் போகாதவர்களும் இருக்கிறார்கள் ஜெசிந்தா. உன் சம்பளத்தில்தான் அவன் படித்தான், இப்போது ஆட்டோவுக்கும் சோதனை அட்டைக்கும் செலவழிப்பதும் அதுதான். இனிமேல் அவன் கணக்குக்கு மட்டும் அனுப்பாதே, அம்மை கணக்குக்குப் போடு. அவனே அப்படிக் கேட்டான்.

இங்கே வேறு விசேஷம், நம்ம பேட்ச் ஸ்டெல்லா மகளுக்குத் தையில் கல்யாணம், பையன் தக்கலை. எனக்கு முட்டுவலி மழைக்கு அதிகமாகிறது. உன் வீட்டு மேற்குப் பக்கத்துச் சக்கை மரம் காற்றில் சாய்ந்துவிட்டது, விறகுக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்கச் சொன்னாள் அம்மை.

லீவு கிடைக்குமானால் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு வா. டிசம்பர் 3 அன்று கூட்டத்தில் பழைய பயல்கள் எல்லாரும் வருவார்கள், அவனைத் தனியாக அனுப்ப எனக்கு மனமில்லை, நீ கூட இருந்தால் போய்வரலாம். வந்தால் முதல் நாளே உபதேசம் செய்யாதே. போனிலும் "இப்பம் எப்படி இருக்கு, அதை நினைக்கிறியா" என்று தினமும் கேட்காதே. பந்து யார் ஜெயித்தது, என்ன சாப்பிட்டான், அதைக் கேள். இடையில் ஒருமுறை சறுக்கினாலும் சறுக்கலாம். அப்படி நடந்தால் ஒளிக்காமல் உனக்குச் சொல்வேன். நீ வீட்டைவிட்டுப் போ என்று மட்டும் அவனிடம் சொல்லக் கூடாது.

தேதி உறுதியானதும் சொல். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நான் வருகிறேன். ஜெபினும் வருகிறானா என்பதை அவனிடமே கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
லீலா